இரண்டாம் ஆளின் பொத்தான்

மன்னாருக்குப் பக்கத்தில் கீரி என்ற ஊரில் தோமஸ் நடத்திவந்த கடை என்ன கடை என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. போனுக்கு ரீலோட் போடலாம், போட்டோக் கொப்பி எடுக்கலாம், அடையாள அட்டைக்கும் படங்களுக்கும் பிளாஸ்ரிக் உறை சூடாக்கி ஒட்டிக்கொள்ளலாம், காலையில் போனால் பாணும் கிடைக்கும். இந்தியாவில் அகதி முகாமிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பியவன் அவன். கூட வந்தவர்களெல்லாம் வள்ளம், வலை என்று ஓடித்திரிய, இவன் மட்டும் கொழும்புக்குப் போய்ப் பழைய கேம் மெசின் ஒன்றை வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கினான். ஊர் மூக்கில் விரலை வைத்தது.

மெசின் அலுமாரி அளவு. மேலே திரை, சுற்றிவர ஜப்பான் எழுத்து. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று விளையாடலாம். ஆளுக்கு இரண்டு பொத்தான்: அடிப்பதற்குச் சிவப்பு, பிடிப்பதற்கு நீலம். நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு. பூதத்தின் படம் போட்ட காட் ஒன்றை, உள்ளங்கை அளவு அட்டைதான், அந்தத் தட்டில் வைத்தால் அந்தப் பூதம் திரையில் வந்து நிற்கும். இரண்டு பேரும் போட்டி போட்டு அதை அடிக்க வேண்டும். யார் முந்திப் பிடிக்கிறாரோ அவருடைய பக்கத்தில் புதுக் காட் ஒன்று விழும்.

பிள்ளைகளுக்காக வாங்கினது என்றுதான் தோமஸ் எல்லாரிடமும் சொன்னான். ஆனால் பள்ளிக்கூட நேரத்தில் கடைக்குப் போய்ப் பார்த்தால், சாறத்தை மடித்துக் கட்டி, நாக்கை நீட்டிக் கடித்துக்கொண்டு, தொந்தி விழுந்த அந்த மனிசன் பூதங்களோடு மல்லுக்கட்டி நிற்பதைக் காணலாம்.

"பிடிக்கிறதெண்டால் பிடிக்கவேண்டியதுதானே. ஏன்டா போட்டு அடிக்கிறாய்?" என்று அவனுடைய அக்கா றஞ்சிதம் ஒருநாள் கேட்டாள்.

"சும்மா பிடிபடாது அக்கா. மேல பாருங்கோ, பச்சைக் கோடு. அதுதான் அதின்ர உசிர். அடிக்க அடிக்கக் குறைஞ்சு மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். சிவப்பு வந்தாப் பிறகுதான் நீலத்தை அமத்தவேணும். அதுக்கு முதல் அமத்தினால் மெசின் கத்தும்."

"சிவப்பிலயும் அடிச்சால்?"

"கோடு முடிஞ்சிடும். பூதம் போயிடும். காட்டும் இல்லை, ஒண்டும் இல்லை."

"பாவமெல்லோ."

தோமஸ் சிரித்தான். "நான் அடிக்காட்டி வேற ஆரும் அடிப்பினம். இதே பூதங்கள்தான் கொழும்பிலயும் இருக்கு, ஜப்பானிலயும் இருக்கு. எந்த நேரமும் எங்கயோ ஒருத்தன் அடிச்சுக்கொண்டுதான் நிப்பான்."

றஞ்சிதத்துக்கு அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. ஆனாலும் தினமும் கடைக்கு வருவாள். அரைகுறையாகப் பூசிய தன் வீட்டுத்திட்ட வீட்டில் தனியே குந்தியிருந்தால் நினைவுகள் பிய்த்துத் தின்னும். பேசாலையில் வாழ்க்கைப்பட்டவள் அவள். புருசனைக் கடல் கொண்டுபோயிற்று. ஒரே மகன் மில்ரனோடு வன்னிக்கு ஓடி, கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு, ஒருவழியாக வெளியே வந்த அன்று, சோதனைச் சாவடியில் அவனை மட்டும் வரிசையிலிருந்து விலக்கினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அவள் அவன் போட்டிருந்த சேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேட் கையிலிருந்து வழுகிப் போயிற்று. அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

மிஞ்சியது ஒரு படம். சோதனை எழுதுவதற்காகப் பள்ளிக்கூடத்தில் நீலத் திரைச்சீலைக்கு முன்னால் இருத்தி எடுத்தது. வெள்ளைச் சேட், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாத முகம். தோமஸ்தான் அதற்கு உறை ஒட்டி, காட் அளவுக்கு வெட்டி, மேலே துளை போட்டுக் கயிறு கோர்த்துக் கொடுத்தான். காணாமல் போனவர்களின் தாய்மார் எல்லாருக்கும் அவன் இப்படிச் சும்மா செய்து கொடுப்பான். அரசாங்கக் கந்தோர், விசாரணை, கூட்டம் என்று எங்கே போனாலும் அவர்கள் படத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். றஞ்சிதம் படுக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

ஆத்துமாக்களின் நாளில் ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும். பக்கத்து வீட்டு மதலேனா ஒவ்வொரு வருசமும் ஒரு திரியைக் கூடுதலாகக் கொண்டுவந்து நீட்டுவாள்.

"மில்ரன் தம்பிக்கும் ஒண்டு ஏத்துங்கோ அக்கா. மனசாறும்."

"இருக்கிறவனுக்கு என்னத்துக்கு மெழுகுதிரி?" என்று றஞ்சிதம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏற்றினால் தன் கையாலேயே அவனைக் கொன்றதாகிவிடும் என்று அவளுக்குப் பயம். பெற்ற வயிறு அப்படித்தான் நினைக்கும்.

சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிற மாதம் ஒன்றில், கொழும்பு வான் ஒன்று கடை வாசலில் நின்று ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போயிற்று. தோமஸ் மாதக்கணக்காகக் காத்திருந்த புதுச் செற் அது. பழைய பூதங்களெல்லாம் அவனுக்கு அலுத்துவிட்டன. மெசினுக்குள் செருகுகிற சிப் ஒன்று, கூடவே ஒரு கட்டு புதுக் காட், அவ்வளவுதான். புதுமாப்பிள்ளை மாதிரிப் பல்லைக் காட்டிக்கொண்டு பெட்டியைப் பிரித்தான்.

பெட்டியிலிருந்து ஒரு மணம் வந்தது.

மருந்து கலந்த தண்ணீர், வெயிலில் வெந்த கூடாரத் துணி, நிறைய மனிதர்களின் பழைய வேர்வை. தோமஸுக்கு அது புதுப் பிளாஸ்ரிக் மணமாகத்தான் பட்டிருக்கும். றஞ்சிதத்துக்கு அந்த மணத்தைத் தெரியும். சண்டை முடிந்து அவளை அடைத்து வைத்திருந்த முகாமின் மணம் அது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இதென்ன அக்கா அநியாயம்!" என்று உள்ளேயிருந்து தோமஸ் கத்தினான். "ஒரு காட்டிலயும் பூதத்தைக் காணேல்லை!"

உண்மைதான். எல்லாக் காட்டிலும் ஒரே படம். வெறும் மண் தரை, சாம்பல் நிற வானம், ஓரத்தில் கொஞ்சம் முள்ளுக்கம்பி. பூதம் நிற்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. சிப்பைச் செருகிப் பார்த்தால் திரையிலும் அதே வெறும் தரைதான். வழக்கமான கும்மாளப் பாட்டுக்குப் பதிலாக, யாரோ வாயைத் திறந்து மூச்சுவிடுவதுபோல ஒரு சத்தம். தோமஸ் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டான்.

அடுத்த நாள் வான்காரனைப் பிடித்து நியாயம் கேட்பதற்காகக் காட் கட்டைத் தூக்கிக்கொண்டு மன்னார் பஸ் ஏறினான். "மெசினை ஒருக்காத் துடைச்சுவிடுங்கோ அக்கா, ஒரே மண். பின்னேரம் வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியான வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. றோட்டில் ஒரு நாய்கூட இல்லை. காலையிலிருந்தே கரண்ட் இல்லாததால் காத்தாடி அசையாமல் நின்றது. காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. றஞ்சிதம் வாளியில் தண்ணீர் எடுத்து, துணியைப் பிழிந்து, மெசினைத் துடைக்கத் தொடங்கினாள். குனியக் குனிய, கழுத்திலிருந்த படம் ஆடி ஆடித் திரையில் முட்டியது.

கீறல் விழுந்துவிடும் என்று பயந்து படத்தைக் கழற்றினாள். வைக்க இடம் பார்த்தாள். மேசை முழுக்க மண். துடைத்துச் சுத்தமாக இருந்தது ஒரே ஒரு இடம்தான், அந்தக் கண்ணாடித் தட்டு. மகனின் படத்தைச் சுத்தமான இடத்தில் வைக்க வேண்டும் என்றுதான் அவள் பார்த்தாள். வேறொன்றும் நினைக்கவில்லை.

தட்டில் படத்தை வைத்தாள்.

திரை வெளித்தது.

கரண்ட் வந்துவிட்டதாக்கும் என்று மேலே பார்த்தாள். காத்தாடி சுற்றவில்லை. கீழே பார்த்தாள். வயர் தரையில் சுருண்டபடியே கிடந்தது.

மெசினுக்குள் யாரோ மூச்சுவிட்டார்கள்.

வெறும் மண் தரையின் நடுவில் ஒருவன் நின்றான். வெள்ளைச் சேட். குனிந்த தலை. அவன் மெதுவாக முகத்தை நிமிர்த்தினான்.

"மில்ரன்," என்றாள் றஞ்சிதம். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

படத்திலிருந்த பெடியன் இல்லை இது. அந்த முகம்தான், ஆனால் கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, காதோரம் நரைத்திருந்தது. இத்தனை வருசமும் ஓடித்தான் இருக்கிறது அவனுக்கும். சேட்டின் ஒரு பக்கம் இழுபட்டு, பொத்தான் அறுந்திருந்தது. அந்தப் பொத்தான் எப்படி அறுந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய கைதான் பிடித்திருந்தது.

அவன் தாயைப் பார்க்கவில்லை. வலது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், அங்கே யாரோ நிற்பதுபோல. அவன் தலைக்கு மேல் பச்சையாக ஒரு கோடு எழுந்தது.

"ராசா, இஞ்ச பார். அம்மா வந்திருக்கிறன். இஞ்ச பாரன்."

டக்.

வலது பக்கச் சிவப்புப் பொத்தான் தானாக உள்ளே போய் வெளியே வந்தது.

திரையில் மில்ரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். கோடு குறைந்தது.

வலது பக்கத்தில் ஒருவரும் இல்லை. தோமஸ் உட்காருகிற கதிரை மட்டும் கிடந்தது. றஞ்சிதம் தட்டிலிருந்த படத்தைப் பிடுங்கப் பார்த்தாள். அது கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். நகம்தான் பிய்ந்தது.

டக்.

அவன் முழங்காலில் விழுந்தான். கோடு மஞ்சளாயிற்று.

அவசரமே இல்லாத ஒருவனுடைய அடி அது. நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவன், இடையில் மூச்சு வாங்கி, அடுத்ததற்குக் கையை ஓங்குகிறவன்.

"ஐயோ, விடுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன், விடுங்கோ." காலியான கதிரையைப் பார்த்துக் கைகூப்பினாள். அன்று சோதனைச் சாவடியிலும் இதே சொல்லைத்தான் சொன்னாள். பிறகு வலது கையை நீட்டி அந்தச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் மூடி, தன் பாரம் முழுவதையும் கையில் போட்டு, அது கீழே போகாதபடி விரல்களைச் சுற்றிக் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள்.

கை சில்லென்றது.

அவளுடைய உள்ளங்கைக்கும் பொத்தானுக்கும் நடுவில், ஒரு விரல் இருந்தது.

டக்.

கோட்டில் கால்வாசிதான் மிச்சம். இன்னும் மஞ்சள்தான். ஆனால் இப்படியொரு அடி இன்னுமொன்று விழுந்தால் சிவப்பையும் தாண்டி ஒன்றும் மிஞ்சாது. கணக்குத் தெரியாதவளுக்கும் தெரியும். றஞ்சிதம் தன் பக்கத்து நீலப் பொத்தானைக் குத்தினாள். மெசின் கத்தியது. மறுபடி குத்தினாள். மறுபடி கத்தியது.

சிவப்பு வந்த பிறகுதான் பிடிபடும்.

அவளுக்கு விளங்கியது. விளங்காமலே போயிருக்கக் கூடாதா? அவனை எடுப்பதென்றால் அடிக்க வேண்டும். கதிரையிலிருப்பவன் அடிக்கிற மாதிரி இல்லாமல், மெல்லமாக, ஒரே ஒரு அடி. தாய் அடிக்கிற அடி.

சின்ன வயதில்கூட அவனை அவள் கைநீட்டி அடித்ததில்லை.

பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அடுத்ததற்கு ஓங்குகிற மூச்சு.

றஞ்சிதம் கண்ணை மூடவில்லை. மூடத்தான் நினைத்தாள், முடியவில்லை. இடது கையால் தன்னுடைய சிவப்புப் பொத்தானை அமத்தினாள்.

அடி அவன் கண்ணுக்குக் கீழே பட்டது.

அப்போதுதான் அவன் இந்தப் பக்கம் திரும்பினான். முதல் தடவையாக அவளைப் பார்த்தான். அடி எந்தப் பக்கமிருந்து வந்ததென்று பார்க்கிற பார்வை அது. பிறகு யாரென்று தெரிந்துகொண்ட பார்வை. வாய் திறந்தது. அம்மா என்றுதான் சொன்னான், சத்தம் இல்லாவிட்டாலும் அந்தச் சொல்லை அவளுக்குத் தெரியாதா?

கோடு சிவப்பாயிற்று.

நீலத்தை அமத்தினாள்.

திரை அணைந்தது. காற்று தகரத்தைத் தூக்கிப் போட்டது. அவள் காலடியில், மெசினின் வாயில், ஒரு காட் வந்து விழுந்தது.

தோமஸ் திரும்பி வந்தபோது அவள் தரையில் இருந்தாள். கையில் காட். அது காய்ச்சல்காரன் நெற்றியைப்போலச் சுட்டுக்கொண்டிருந்தது. அவன் அதை வாங்கிப் பார்த்தான். மில்ரன் அதிலிருந்து நேராகப் பார்த்தான். நரை, தாடி, அறுந்த பொத்தான். கண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு வீக்கம். அடியில் நூல் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு.

"அக்கா," என்று தோமஸ் கிசுகிசுத்தான், "இது அவன்ர இப்பத்தைய முகம்."

"நான்தான்டா அடிச்சனான்."

தட்டில் கிடந்த பழைய படம் இப்போது இலேசாகக் கழன்று வந்தது. அதில் நீலத் திரைச்சீலை மட்டும் இருந்தது. அதன் முன்னால் ஒருவரும் இல்லை. தோமஸ் ஓடிப்போய் மேசை லாச்சியை இழுத்து, விசாரணைகளுக்கென்று அந்தப் படத்தை முன்பு எடுத்து வைத்த போட்டோக் கொப்பிகளைப் புரட்டினான். எல்லாவற்றிலும் திரைச்சீலைதான். மெசினின் முதுகைத் திறந்து சிப்பைத் தேடினான். செருகிய இடத்தில் கொஞ்சம் ஈர மண் இருந்தது.

அவன் மூலைக்குப் போய், மெசினை உடைக்க அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"உடைச்சால் அவனுக்கு என்ன நடக்கும்?" என்று றஞ்சிதம் கேட்டாள்.

தோமஸ் அலவாங்கை மெதுவாகக் கீழே வைத்தான். விற்கவும் பயம், உடைக்கவும் பயம், வேறு கை படவும் பயம். கடைசியில் றஞ்சிதம் முகாமிலிருந்து கொண்டுவந்த கூடாரத் துணியால் மெசினை மூடி, வள்ளக் கயிற்றால் சுற்றிக் கட்டி, மேலே அந்தோனியார் படத்தை வைத்தான். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர். அதன் பிறகு அவன் அந்தக் கடையைத் திறக்கவில்லை.

ஆனால் கடையை மூடியதால் ஒன்றும் நிற்கவில்லை. ஒரு கிழமை அந்தக் காட் படத்தில் மில்ரனின் கன்னத்தில் கீறல். அடுத்த கிழமை உதடு வெடித்திருந்தது. காட் சூடாகும்போதெல்லாம் றஞ்சிதம் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எந்த ஊரில் எந்தக் கடையில் யார் நின்று விளையாடுகிறார்களோ என்று பதறுவாள். தோமஸ் சிரித்துச் சிரித்துச் சொன்ன பேச்சு அவளுடைய காதிலேயே நின்றது. எங்கயோ ஒருத்தன் அடிச்சுக்கொண்டுதான் நிப்பான். அந்தப் பேச்சை அவளிடம் சொன்னதற்காகத் தோமஸ் தன்னையே நொந்துகொண்டான்.

வாடைக்காற்று தொடங்கி, மழை பெய்து, ஆத்துமாக்களின் நாள் வந்தது. பின்னேரம் சேமக்காலை முழுக்க ஆட்கள். ஈர மண்ணில் திரிகள் எரிந்தன, சுவாமியார் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார். மதலேனா வழக்கம்போல வந்து பக்கத்தில் நின்றாள்.

"இந்த முறையாவது ஏத்துங்கோ அக்கா. எவ்வளவு காலத்துக்குத்தான் சுமப்பியள்?" என்று திரியை நீட்டினாள்.

றஞ்சிதம் அதை வாங்கினாள். முதல் தடவையாக வாங்கினாள். மதலேனாவின் கண் கலங்கிவிட்டது.

ஏற்றிவிடலாம் என்றுதான் றஞ்சிதம் வந்திருந்தாள். அவன் செத்துப்போயிருந்தால் நல்லது என்று நேற்று இரவு ஜெபமே செய்துவிட்டாள், பெற்றவள் வாயால். செத்தால் யாரும் அடிக்க முடியாது. திரியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சட்டைக்குள்ளிருந்து காட்டை எடுத்துப் பார்த்தாள்.

கண்ணுக்குக் கீழே அவள் அடித்த இடம் வீக்கம் வற்றி, பச்சையாகி, மஞ்சளாகி, முழுக்க ஆறிப்போயிருந்தது. செத்த உடம்பில் காயம் ஆறாது. அடியில் அந்தச் சிவப்புக் கோடு, மெல்லிசாக, இன்னும் இருந்தது.

திரியை மதலேனாவின் கையில் திருப்பி வைத்தாள்.

"இருக்கிறான் பிள்ளை," என்றாள். "இன்னும் இருக்கிறான்."

காட் சூடாகத் தொடங்கியது.

படத்தில் அவன் முகம் மெதுவாக வலது பக்கம் திரும்பியது.

றஞ்சிதம் உள்ளங்கையால் அவனை மூடினாள். தன் பாரம் முழுவதையும் போட்டு, இறுக்கி மூடினாள்.

கைக்கும் காட்டுக்கும் நடுவில், சில்லென்று ஒரு விரல் வந்து நின்றது.

டக்.